கல்பாசிக்குள் ஓர் ஒண்டுக்குடித்தனம்

செட்டிநாட்டுக் குழம்போ பிரியாணியோ அடிக்கடி வைக்கும் வீடுகளில் ஏதோ ஒரு டப்பாவின் அடியில் கல்பாசி கிடக்கும். ஒரு பக்கம் சாம்பல், இன்னொரு பக்கம் கறுப்பு, காய்ந்து சுருண்ட சருகு மாதிரி. சும்மா முகர்ந்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது, சூடான எண்ணெயில் விழுந்ததும்தான் அந்த வாசம் எழும். பெயரில் பாசி இருப்பதால் பலர் அதைப் பாசி என்றே நினைக்கிறார்கள், இந்திக்காரர்கள் கல்லில் பூத்த பூ என்கிறார்கள், நான் ரொம்ப நாள் அதை ஏதோ மரத்தின் பட்டை என்று நம்பிக்கொண்டிருந்தேன். மூன்றும் இல்லை. அது லைக்கன்.

லைக்கன் என்றால் பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழ்வது என்று பள்ளிப் புத்தகத்தில் இரண்டு வரி படித்திருப்போம். பூஞ்சை வீடு கட்டித் தருகிறது, ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. பாசி வெயிலை வைத்துச் சமைத்துப் போடுகிறது. சில லைக்கன்களில் பச்சைப் பாசிக்குப் பதிலாக சயனோபாக்டீரியா அந்தச் சமையலைப் பார்த்துக்கொள்ளும். உடம்பில் பெரும்பங்கு பூஞ்சைதான், ஆகவே கல்பாசிக்குக் கல்பூஞ்சை என்று பெயர் வைத்திருந்தால் இன்னும் சரியாக இருந்திருக்கும் (யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள், அது வேறு விஷயம்).

இந்த இரண்டு வரியை ஒப்புக்கொள்ள வைக்கவே ஒரு காலத்தில் பெரிய சண்டை நடந்தது. 1860களின் கடைசியில் சைமன் ஷ்வெண்டெனர் என்ற சுவிஸ் தாவரவியலாளர், லைக்கன் ஓர் உயிர் இல்லை, இரண்டு உயிர்கள் என்றார். பூஞ்சையை எஜமான் என்றும் பாசியை அது பிடித்துவைத்த அடிமை என்றும் வர்ணித்தார். வாழ்நாள் முழுக்க லைக்கன்களைத் தனி இனமாக வகைப்படுத்தி வந்த நிபுணர்களுக்குக் கோபம் வராமல் இருக்குமா, கேலிதான் செய்தார்கள். கடைசியில் ஜெயித்தது ஷ்வெண்டெனர். ஜெர்மானியரான ஆன்டன் டி பாரி, இப்படிச் சேர்ந்து வாழ்வதற்கு 'சிம்பயோசிஸ்' என்ற சொல்லை 1879இல் அச்சில் கொண்டுவந்தார். அதே ஆள் 1866லேயே 'எண்டோஃபைட்' என்ற சொல்லையும் பயன்படுத்தியிருந்தார், அதாவது ஒரு தாவரத்துக்குள்ளே வாழும் இன்னோர் உயிர். இந்தக் கட்டுரை முழுக்க இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் இருக்கும் இடத்தைப் பற்றியதுதான்.

ஏனென்றால் அந்தப் பள்ளிப் பாடம் பாதியில் நின்றுவிட்ட பாடம். லைக்கனுக்குள் ஒரு பூஞ்சை இல்லை, பல பூஞ்சைகள் இருக்கின்றன. பழைய திருவல்லிக்கேணி வீடுகளில் வீட்டுக்காரர் முன்கட்டில் இருப்பார், உள்ளே போகப் போக ஆளுக்கு ஓர் அறையில் நாலைந்து குடித்தனங்கள் இருக்குமே, அந்த மாதிரி. லைக்கனின் உருவத்தையே தருகிற பெரிய பூஞ்சை வீட்டுக்காரர். பாசி சமையல்காரர். இவர்களைத் தவிர, வெளியிலிருந்து பார்த்தால் இருப்பதே தெரியாமல், வீட்டின் உருவத்தையும் மாற்றாமல் உள்ளே ஒண்டிக்கொண்டிருக்கும் பூஞ்சைகள் ஏராளம். இவற்றை 'எண்டோலைக்கனிக்' பூஞ்சைகள் என்கிறார்கள். நாம் லைக்கன்வாழ் பூஞ்சைகள் என்று வைத்துக்கொள்ளலாம். இதே வேலையைத் தாவரத்தின் இலைக்குள்ளோ தண்டுக்குள்ளோ செய்தால் அது எண்டோஃபைட், உள்வாழ் பூஞ்சை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும், புதிதாகப் படிக்க வருகிற எல்லோரும் மாட்டிக்கொள்கிற இடம் இது. லைக்கன் மேல் கறுப்புப் புள்ளிகளாகவோ, கட்டிகளாகவோ, வெளுத்த வட்டங்களாகவோ கண்ணுக்குத் தெரிகிற வேறு சில பூஞ்சைகளும் உண்டு. அவை லைக்கனைத் தின்பவை அல்லது அதன்மேல் ஒட்டுண்ணியாக வாழ்பவை. 2018இல் வந்த ஓர் உலகப் பட்டியலில் இப்படிப்பட்டவை 2,000க்கும் மேல் இருக்கின்றன. அவை வேறு, நாம் பேசுவது வேறு. நம் ஆட்கள் எந்த அடையாளமும் காட்ட மாட்டார்கள். லைக்கனைப் பார்த்தால் ஆரோக்கியமாக இருக்கும், உள்ளே ஆள் இருக்கும்.

சரி, கண்ணுக்கே தெரியாத ஒன்றை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

முறை எளிது, அலுப்பூட்டும் அளவுக்கு எளிது. லைக்கனையோ இலையையோ நன்றாகக் கழுவி, எத்தனாலில் சில விநாடி, நீர்த்த ப்ளீச்சில் இரண்டு நிமிடம், மறுபடி எத்தனாலில் இரண்டு நிமிடம் என்று முக்கி எடுக்கிறார்கள். வெளிப்புறத்தில் ஒட்டியிருக்கும் தூசி, ஸ்போர்கள் (பூஞ்சைக்கு விதை மாதிரியான நுண்துகள்கள்) எல்லாம் இதில் செத்துவிடும், உள்ளே இருப்பவை பிழைத்திருக்கும். நேரம் கூடினால் உள்ளே இருப்பதும் போய்விடும், குறைந்தால் வெளியே இருப்பது தப்பிவிடும், ஆகவே எந்தப் பொருளுக்கு எவ்வளவு நேரம் என்பதில்தான் கைப்பழக்கம் இருக்கிறது. பிறகு 2 மில்லிமீட்டர் அளவில் குட்டிக் குட்டித் துண்டுகளாக வெட்டி, மால்ட் சாறு கலந்த அகார் என்ற ஜெல்லி ஊற்றிய தட்டில் வைத்து மூடிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். சில நாளில் துண்டின் ஓரத்திலிருந்து வெள்ளையாகவோ பச்சையாகவோ கறுப்பாகவோ இழைகள் நீண்டு வரும். ஒவ்வொன்றையும் தனியே எடுத்து வளர்த்து, அதன் டி.என்.ஏ.வில் ஐ.டி.எஸ். என்கிற பகுதியைப் படித்தால் ஆள் யார் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

வெளிப்புறம் உண்மையிலேயே சுத்தமாகிவிட்டதா என்று சோதிக்க ஒரு அழகான வழி இருக்கிறது. சுத்தம் செய்த துண்டை வேறொரு அகார் தட்டின் மேல் சும்மா ஒத்தி எடுத்துவிடுவார்கள், ரேகை வைப்பது போல. அந்தத் தட்டில் எதுவும் முளைக்கவில்லை என்றால், முதல் தட்டில் முளைத்தது உள்ளேயிருந்து வந்ததுதான் என்று தைரியமாகச் சொல்லலாம்.

இந்தத் தட்டில் லைக்கனின் வீட்டுக்காரப் பூஞ்சை எப்போதுமே முதலில் தலைகாட்டாது என்பதுதான் எனக்குப் பிடித்த வேடிக்கை. அது அவ்வளவு மெதுவாக வளரக்கூடியது, வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். குடித்தனக்காரர்களோ நாலைந்து நாளில் தட்டு முழுக்கப் பரவிவிடுவார்கள். இதனால்தான் ரொம்ப காலம் இவற்றைக் 'கலப்படம்' என்று நினைத்து ஆய்வகங்களில் குப்பைத்தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதே ஆட்கள் திரும்பத் திரும்ப, வேறு வேறு ஊர்களில், வேறு வேறு கைகளில் வந்தபோதுதான் இது அழுக்கு இல்லை என்று உறைத்தது.

இதில் சென்னைக்கும் பங்கு உண்டு. விவேகானந்தா வெப்பமண்டலப் பூஞ்சையியல் நிறுவனத்தின் டி. எஸ். சூரியநாராயணனும் அவருடன் வேலை செய்தவர்களும் 2005இல் லைக்கன்களுக்குள் இருக்கும் இப்படிப்பட்ட நுண்பூஞ்சைகளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். 'எண்டோலைக்கனிக்' என்ற சொல் பரவலாவதற்கு முந்தைய காலம் அது. அதே குழு மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டு மரங்களின் இலைகளுக்குள் இருக்கும் பூஞ்சைகளையும் பல வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தது, ஆகவே இலையையும் லைக்கனையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் கண் அவர்களுக்கு ஏற்கெனவே இருந்தது.

அமெரிக்காவில் அரிசோனா பல்கலைக்கழகத்தின் எலிசபெத் ஆர்னால்டும் டியூக் பல்கலைக்கழகத்தின் பிரான்சுவா லுட்சோனியும் அவர்கள் கூட்டாளிகளும் இதைப் பெரிய அளவில் செய்தார்கள். ஜானா யூரென் முன்னின்று 2012இல் வெளியிட்ட ஆய்வைச் சொன்னால் அளவு புரியும். அரிசோனாவின் ஊசியிலைக் காடு, வட கரோலினாவின் மலைக்காடு, ஃபுளோரிடாவின் புதர்க்காடு, அலாஸ்காவில் இரண்டு இடங்கள் என ஐந்து இடங்கள். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 20 தாவர, லைக்கன் இனங்கள். மொத்தம் 4,154 பூஞ்சைகளைத் தட்டில் வளர்த்து எடுத்து ஆராய்ந்தார்கள்.

வந்த முடிவுகளில் சில எதிர்பார்த்தவை, சில இல்லை. ஓர் இனத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் லைக்கன்களுக்குள்தான் பூஞ்சைகள் அதிகம், வகைகளும் அதிகம். ஆனால் மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் தாவரங்கள் ஜெயிக்கின்றன. எந்தத் தாவரங்கள் என்பதுதான் சுவாரசியம்: அந்தக் கூட்டுத்தொகையை ஏற்றிவிட்டவை மாஸ்களும் (ஈரச் சுவரில் பச்சை மெத்தை மாதிரி படர்பவை) லைக்கோஃபைட்களும் (பெரணிக்குத் தூரத்துச் சொந்தம்), அதாவது நாம் காலில் மிதித்துப் போகிற, பூவே பூக்காத குட்டிச் செடிகள். அடுத்தது, மாஸுக்குள் இருப்பவையும் லைக்கனுக்குள் இருப்பவையும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தன. வேர், தண்டு, நீர்க்குழாய் எல்லாம் கொண்ட தாவரங்களுக்குள் இருப்பவை பெரும்பாலும் வேறு கூட்டம். மாஸ் தாவரம், லைக்கன் தாவரமே இல்லை, உறவுமுறையில் இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனாலும் ஒரே பாறையில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, மழை வந்தால் நனைந்து, வெயில் வந்தால் மொறுமொறுவென்று காய்ந்து, மறுபடி நனைந்து என ஒரே மாதிரி பிழைப்பு. வம்சத்தைவிட வாசலைப் பார்த்துத்தான் குடிவருகிறார்கள் போலிருக்கிறது.

இடத்துக்கு இடம் பூஞ்சைக் கூட்டம் மாறுவதற்கும் வெறும் தூரத்தைவிடத் தட்பவெப்பம்தான் பெரிய காரணமாகத் தெரிந்தது. இதை நம் ஊருக்குப் பொருத்திப் பார்ப்பது என் ஊகம்தான், ஆனாலும் சொல்கிறேன்: ஊட்டிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் நடுவே மலைப்பாதை சில மணி நேரம்தான், ஆனால் ஸ்வெட்டர் போடுகிற ஊருக்கும் ஃபேன் போடுகிற ஊருக்கும் உள்ள அந்த வித்தியாசம், இலைக்குள் இருக்கும் பூஞ்சைக்கு ஒரு கண்டம் தாண்டியது போல இருக்கலாம்.

இனி பூக்காத தாவரங்கள் பக்கம் கொஞ்சம் போகலாம். மாஸ், லிவர்வொர்ட், பெரணி, ஊசியிலை மரம் என்று வரிசையாகச் சொன்னால் பாடம் மாதிரி ஆகிவிடும், ஆகவே எனக்குப் பிடித்த ஆட்களிடம் நின்று பேசுகிறேன்.

முதலில் லிவர்வொர்ட். ஈரமான சுவரில், கிணற்று ஓரத்தில், பச்சை ரிப்பன் மாதிரி தரையோடு தரையாகப் படர்ந்திருக்குமே, மார்க்கான்ஷியா என்று கல்லூரியில் வெட்டிப் பார்க்கச் சொல்வார்கள். இதற்கு உண்மையான வேர் இல்லை. வேர் இல்லாத செடியில் 'வேர்ப்பூஞ்சை' (செடியின் வேரோடு கூட்டு வைத்து வாழும் பூஞ்சை) எப்படி இருக்கும் என்று கேட்டால், வேர் வருவதற்கு முன்பே அந்த உறவு வந்துவிட்டது என்பதுதான் பதில். ஸ்காட்லாந்தில் ரைனி என்ற கிராமத்தின் பாறைகளில், சுமார் 40.7 கோடி வருஷங்களுக்கு முன் வாழ்ந்த செடிகள் செல் செல்லாகக் கல்லாகிக் கிடைத்திருக்கின்றன. பூ இல்லை, விதை இல்லை, முறையான வேர்கூட இல்லை, ஆனால் செல்லுக்குள் பூஞ்சை இருக்கிறது, இன்றைக்கு நெல் வேருக்குள் பார்க்கிற அதே மாதிரிக் கிளைவிட்ட அமைப்போடு. இன்றைய மார்க்கான்ஷியா பேலியேசியா போன்ற இனங்களில் இந்த உறவு உயிரோடு இருக்கிறது: பூஞ்சை மண்ணிலிருந்து பாஸ்பரஸைக் கொண்டுவந்து கொடுக்கிறது, செடி தான் தயாரித்த கார்பனில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. வேடிக்கை என்னவென்றால் ஆய்வகங்களில் எல்லோரும் வளர்க்கிற மார்க்கான்ஷியா பாலிமார்ஃபா இந்த உறவை எப்போதோ அறுத்துக்கொண்டுவிட்ட இனம்.

லிவர்வொர்ட்களில் ஒரு கில்லாடியும் உண்டு. அனியூரா மிராபிலிஸ் என்று பெயர், ஐரோப்பாவின் சதுப்பு நிலங்களில் மாஸ் மெத்தைக்கு அடியில் வெள்ளை வெளேரென்று கிடக்கும். பச்சையமே இல்லை. ஒளிச்சேர்க்கை செய்யாத லிவர்வொர்ட் என்று தெரிந்திருப்பது இது ஒன்றுதான். அப்படியானால் சாப்பாடு? அதன் உள்ளே டுலாஸ்னெல்லா என்ற பூஞ்சை இருக்கிறது. அந்தப் பூஞ்சையின் மறுமுனை பக்கத்து பிர்ச் மரத்தின் வேரில் இருக்கிறது. மரம் பூஞ்சைக்குக் கொடுக்கிற சர்க்கரையை இந்தச் செடி பூஞ்சையிடமிருந்து உருவிக்கொள்கிறது. இதுவரை பூஞ்சை ஒண்டியிருப்பதாகச் சொல்லிக்கொண்டு வந்தேன் அல்லவா, இங்கே உண்மையில் ஒண்டியிருப்பது செடி.

பெரணி வகைகளிலும் இதே சங்கதி, கொஞ்சம் மாறி. போட்டித் தேர்வுகளில் 'அதிகக் குரோமோசோம் எண்ணிக்கை எதற்கு' என்று கேட்பார்களே, அந்த ஓஃபியோகிளாசம், அப்புறம் மரப்பொந்துகளிலும் பாறை இடுக்கிலும் பச்சைத் துடைப்பக்குச்சிக் கட்டு மாதிரி வளரும் சைலோட்டம், இவற்றின் வாழ்க்கையில் ஒரு கட்டம் முழுக்க மண்ணுக்கோ மட்கிய பட்டைக்கோ அடியில் நடக்கிறது. கேமிட்டோஃபைட் என்கிற அந்தக் குட்டிப் பருவத்தில் அவற்றுக்குப் பச்சையம் கிடையாது, உள்ளே இருக்கும் பூஞ்சைதான் ஊட்டி வளர்க்கிறது. பிறகு வெளியே வந்து பச்சையாகி, யாரையும் எதிர்பார்க்காத செடி போல நிற்கும்.

மாஸ்களுக்கு இந்த மாதிரிப் பகிரங்கமான வேர்ப்பூஞ்சை உறவு பெரும்பாலும் கிடையாது. அதனால் அவை காலியாக இருக்கும் என்று நினைத்தால் தப்பு, மேலே பார்த்த கணக்கே சாட்சி. சத்தமில்லாத குடித்தனங்கள் நிறைய.

ஊசியிலை மரங்களில்தான் உள்வாழ் பூஞ்சைகளின் நடத்தையை நன்றாகத் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஓரிகானில் ஜார்ஜ் கரோலும் அவருடைய சகாக்களும் டக்ளஸ் ஃபர் மரத்தைப் பல வருஷம் ஆராய்ந்தார்கள். அதன் ஊசியிலைக்குள் ராப்டோகிளைன் பார்க்கரி என்றொரு பூஞ்சை. அது நுழைவது இலையின் மேல்தோலில் ஒரே ஒரு செல்லுக்குள். நுழைந்ததும் அப்படியே உட்கார்ந்துவிடும். அடுத்த செல்லுக்குப் போகாது, இலைக்கு நோய் வராது. அந்த ஊசியிலை வயதாகிச் சாகும் வரை, வருஷக்கணக்கில், அந்த ஒரு செல்லுக்குள்ளேயே காத்திருக்கும். செத்ததும் எழுந்து இலை முழுக்கப் பரவி ஸ்போர் விடும். இதற்கு இடையில் ஒரு சின்ன ஈயின் புழு அந்த ஊசியிலைக்குள் வீங்கல் உண்டாக்கிக் குடியேறினால், பூஞ்சை அந்த வீங்கலுக்குள் பரவும், புழு செத்துப்போகும். மரத்துக்கு லாபம். பூஞ்சை அதை மரத்துக்காகச் செய்ததா என்றால், அப்படிச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. புழு ஓர் இடத்தைக் கெடுத்துவிட்டால் பூஞ்சைக்கு அது இலை சாகத் தொடங்கியது மாதிரித்தான் தெரியும், அது தன் வேலையைத் தொடங்குகிறது.

கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் இதையே தொழில் ஆக்கியிருக்கிறார்கள். அங்கே வெள்ளை ஸ்புரூஸ் மரங்களை ஒரு மொட்டுப்புழு கூட்டம் கூட்டமாக வந்து மொட்டையடிக்கும். சில மரங்களின் ஊசியிலைக்குள் இருக்கும் ஃபியாலோசெஃபாலா ஸ்கோபிஃபார்மிஸ் என்ற பூஞ்சை ருகுலோசின் என்ற நஞ்சைச் சுரக்கிறது, அது புழுவின் வளர்ச்சியைக் குறைக்கிறது. ஆகவே நாற்றங்காலிலேயே கன்றுகளுக்கு அந்தப் பூஞ்சையை ஏற்றிவிடுகிறார்கள். குழந்தைக்கு ஊசி போட்டு அனுப்புவது போல.

இந்தப் பூஞ்சைகள் உள்ளே வருவது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில புல்வகைகளில் பூஞ்சை விதை வழியாகவே தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும், சொத்து மாதிரி. ஆனால் நாம் பேசுகிற பெரும்பாலானவை அப்படி இல்லை. புதுத் தளிர் கிட்டத்தட்ட காலியாகத்தான் விரிகிறது, காற்றிலும் மழைத்துளியிலும் வருகிற ஸ்போர்கள் மேலே விழுந்து, ஈரம் கிடைக்கும்போது முளைத்து உள்ளே நுழைகின்றன. அதனால்தான் ஒரே மரத்தில் இளம் ஊசியிலையைவிட மூன்று நாலு வருஷம் ஆன ஊசியிலையில் கூட்டம் அதிகம். லைக்கன் பல பத்தாண்டுகள் ஒரே இடத்தில் வாழக்கூடியது, இலை மாதிரி உதிர்ந்துவிடுவதும் இல்லை. அத்தனை வருஷம் கதவு திறந்து கிடந்தால் வீடு நிரம்பாமல் என்ன செய்யும்.

உள்ளே போய் என்ன செய்கிறார்கள்? ஒரே பதில் கிடையாது. சிலர் பூச்சிக்கு எதிரி, சிலர் வெறுமனே தங்கியிருப்பவர்கள், சிலர் நோய்க்கிருமிகளின் நெருங்கிய சொந்தம், சிலர் சரியான சந்தர்ப்பம் வந்தால் தாங்களே நோய்க்கிருமி. இலைக்குள்ளும் லைக்கனுக்குள்ளும் அடிக்கடி வருகிற ஒரு பேரினம் ஸைலேரியா. மழைக்காலத்தில் காட்டில் விழுந்து கிடக்கும் கட்டையில் கறுப்பு விரல்கள் மாதிரி முளைத்திருப்பதைப் பார்த்திருக்கலாம், அதே ஆள். மரக்கட்டையை மட்க வைப்பதுதான் அதன் தொழில் என்றால் உயிருள்ள இலைக்குள் அதற்கு என்ன வேலை? இதற்குச் சொல்லப்படுகிற ஒரு விளக்கம் எனக்கு நியாயமாகப் படுகிறது. காட்டின் தரையில் நல்ல கட்டை எங்கே கிடக்கிறது என்று ஒரு ஸ்போருக்குத் தெரியாது, குறிபார்த்து விழவும் முடியாது. இலை எங்கும் இருக்கிறது. இலைக்குள் போய் உட்கார்ந்தால் பட்டினி கிடக்காமல் காத்திருக்கலாம், ஒருநாள் இலை உதிரும், உதிர்ந்த இலை கட்டை மேல் விழுந்தால் அங்கிருந்து இறங்கிக் கட்டைக்குள் போய்விடலாம். இலை அதற்கு பஸ். லைக்கன் அதே கட்டையின் மேலேயே ஒட்டியிருப்பது, ஆகவே பஸ்கூட வேண்டாம், ஸ்டாப்பிலேயே குடியிருக்கலாம்.

நல்ல பூஞ்சை, கெட்ட பூஞ்சை என்று பட்டியல் கேட்பவர்களுக்கு இதனால்தான் என்னால் பதில் சொல்ல முடிவதில்லை. அது அந்தப் பூஞ்சையின் குணம் இல்லை, அந்த நேரத்து வேலை. ஆர்னால்டும் லுட்சோனியும் மற்றவர்களும் 2009இல் பூஞ்சைகளின் வம்சாவளியை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள்: எந்தப் பிழைப்பிலிருந்து எந்தப் பிழைப்புக்கு இவை பரிணாமத்தில் தாவியிருக்கின்றன என்று. தாவரத்துக்குள் வாழும் பழக்கம் நிலையாக நிற்பதே இல்லை, அங்கிருந்து நோய்க்கிருமியாவதும் நோய்க்கிருமியிலிருந்து திரும்ப இங்கே வருவதும் அடிக்கடி நடந்திருக்கிறது. அதைவிடப் பெரிய விஷயம், தாவரத்துக்குள் வாழப் பல பூஞ்சை வம்சங்கள் முதலில் பழகிய இடம் லைக்கனாக இருந்திருக்கலாம் என்று அந்தக் கணக்கு காட்டியது. ஒளிச்சேர்க்கை செய்கிற ஓர் உயிரின் பக்கத்தில் அதைக் கொல்லாமல் வாழ்வது எப்படி என்று பாசியோடு ஒத்திகை பார்த்துவிட்டு, பிறகு இலைக்கு மாறியிருக்கலாம். லைக்கன்கள் நிலத்தாவரங்களுக்கு முன்பே இருந்தன என்ற பழைய எண்ணத்தைச் சமீபத்திய ஆய்வுகள் கேள்வி கேட்டிருக்கின்றன, ஆகவே எல்லா பூஞ்சைக்கும் இதுவே கதை என்று நீட்டிவிடக் கூடாது. ஆனாலும் ஒத்திகை என்ற யோசனை அழகானது.

லைக்கன் விஷயத்தில் இன்னொரு பரபரப்பும் நடந்தது. அமெரிக்காவின் மொன்டானாவில் மரங்களில் முடி முடியாகத் தொங்கும் பிரையோரியா என்ற லைக்கன் இரண்டு வகை. பழுப்பு நிறமானதைப் பூர்வகுடிகள் மண்குழியில் வேக வைத்துச் சாப்பிட்டார்கள், நம் கல்பாசிக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் நிறமானதில் வல்பினிக் அமிலம் என்ற நஞ்சு. டி.என்.ஏ. எடுத்துப் பார்த்தால் இரண்டிலும் அதே வீட்டுக்காரர், அதே சமையல்காரர். டோபி ஸ்பிரிபில்லும் சகாக்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வில் மூன்றாவது ஓர் ஆள் அகப்பட்டார்: மேல்தோலில் பதிந்திருந்த ஒரு ஈஸ்ட், மஞ்சள் வகையில் அது மிக அதிகம். 'பள்ளிப் பாடத்தை மாற்றி எழுதுங்கள், லைக்கன் இருவர் இல்லை, மூவர்' என்று செய்திகள் பறந்தன. பிறகு 2019இல் 339 லைக்கன் இனங்களை அலசிய இன்னோர் ஆய்வு, அந்த ஈஸ்ட் எல்லா லைக்கன்களிலும் இருப்பதில்லை என்று சொன்னது. இந்தச் செய்தி பறக்கவில்லை, வழக்கம்போல.

பறக்கிற செய்திகள் என்றதும் மருந்து ஞாபகம் வருகிறது. பேக்லிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். டாக்சால் என்ற பெயரில் முதலில் கிடைத்தது பசிபிக் யூ என்ற ஊசியிலை மரத்தின் பட்டையிலிருந்து, கொஞ்சம் மருந்துக்கு நிறைய மரம் பலியானது. 1993இல் மொன்டானாவின் ஆய்வாளர்கள், அந்த மரத்தின் பட்டைக்குள் வாழும் ஒரு பூஞ்சையே டாக்சால் தயாரிக்கிறது என்று அறிவித்தார்கள். உலகமே உள்வாழ் பூஞ்சைகளைத் தேடிக் கிளம்பியது. கிடைத்த அளவோ லிட்டருக்கு நானோகிராம் கணக்கில். 2013இல் அதே பூஞ்சையின் மரபணுத் தொகுப்பைப் படித்தவர்கள், டாக்சால் தயாரிக்கத் தேவையான மரபணுக்களே அதில் காணோம் என்றார்கள். எனக்கு இதிலிருந்து ஒரு பழக்கம் வந்துவிட்டது, 'காட்டுப் பூஞ்சையில் புற்றுநோய்க்கு மருந்து' என்ற தலைப்பைப் பார்த்தால் முதலில் எத்தனை மில்லிகிராம் என்று தேடுவேன்.

எல்லாமே புஸ்வாணம் என்று சொல்லவில்லை. லைக்கன்வாழ் பூஞ்சை ஒன்றிலிருந்து வேதிப்பொருளைப் பிரித்தெடுத்ததாக வந்த முதல் அறிக்கை 2007இல், அதன் முதல் ஆசிரியர் இலங்கையைச் சேர்ந்த பிரியானி பரணகம. அஸ்னியா என்ற தாடி லைக்கனுக்குள் இருந்த கொரினெஸ்போரா என்ற பூஞ்சை அது. அதிலிருந்து எடுத்த பொருட்களில் சில, ஆய்வகத் தட்டில் புற்றுநோய்ச் செல்கள் நகர்வதைத் தடுத்தன. தட்டில் நடந்ததை மருந்து என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஓர் இடுக்கு வீட்டுக்குள் பலர் நெருக்கியடித்து வாழும்போது ஒருவரை ஒருவர் தள்ளிவைக்க ஆளுக்கொரு வேதிப்பொருள் வைத்திருப்பார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயம்தான், தேடுகிறவர்கள் அந்த நம்பிக்கையில்தான் தேடுகிறார்கள்.

உலகத்தில் பெயர் வைக்கப்பட்ட பூஞ்சைகள் சுமார் ஒன்றரை லட்சம். மொத்தம் 22 முதல் 38 லட்சம் வரை இருக்கலாம் என்று 2017இல் ஒரு மதிப்பீடு வந்தது. மீதி எல்லாம் எங்கே ஒளிந்திருக்கும் என்று கேட்டால், லைக்கனும் மாஸும் பெரணியும் அந்தப் பட்டியலில் கட்டாயம் வரும். தென்னிந்தியக் காடுகளில் இயற்கையாகவே வளரும் ஊசியிலை வகை மரம் நாகேயா வாலிச்சியானா ஒன்றே ஒன்றுதான் (கொடைக்கானலில் ஃபோட்டோ எடுத்துக்கொள்ளும் பைன் மரங்கள் எல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை). அதன் இலைக்குள் எட்டிப் பார்க்கும் வேலைக்கு நம் ஊர்க் கல்லூரி மாணவர்களைவிட யார் பொருத்தம்?

தட்டு, அகார், எத்தனால், ப்ளீச் எல்லாம் எந்தத் தாவரவியல் துறையிலும் இருக்கும், சுத்தமான கையும் பொறுமையும்தான் கூடுதலாக வேண்டும். ஒரே ஒரு விஷயம்: மலைக்குப் போய்ப் பாறையிலிருந்து லைக்கனைப் பெயர்த்து எடுத்து வராதீர்கள். பல லைக்கன்கள் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும், உள்ளங்கை அகலம் என்றால் உங்கள் வயதைவிடப் பெரியதாக இருக்கலாம், காப்புக்காடாக இருந்தால் வனத்துறை அனுமதியும் வேண்டும். அனுமதி வாங்கிக்கொண்டு, காற்றில் முறிந்து விழுந்த கிளையைத் தேடுங்கள், அதில் எப்படியும் ஒட்டியிருக்கும். வேண்டியது 2 மில்லிமீட்டர் துண்டுதானே.